கண்டாவளையில 3 ஏக்கர் காணி: யானைக்கு மின்வேலி எப்பிடிப் போடுறது?

கொக்குவில் கமம் எழுதியது:

வணக்கம். நாங்கள் இருக்கிறது கொக்குவிலில, காணி இருக்கிறது கிளிநொச்சி கண்டாவளைப் பக்கம். 2 ஏக்கர் வயல், 1 ஏக்கர் தென்னம்பிள்ளை, நாலு வயது. நெல்லு குடலைப் பருவத்துக்கு வந்தாப்போல ஒரு தனியன் யானை இரவில வரத் தொடங்கீட்டுது. தென்னையில பதினொண்டை விழுத்திப் போட்டுது, குருத்தை மட்டும் இழுத்துத் தின்னுது. வெடி போட்டால் முதல் கிழமை ஓடினது, இப்ப திரும்பியும் பாக்குதில்லை.

மின்வேலி போட என்ன என்ன சாமான், எவ்வளவு வேணும்? அங்க சிலர் வீட்டு லைனில இருந்தே கம்பிக்குக் குடுக்கலாம், செலவில்லை எண்டு சொல்லினம், உது சரியோ? அப்பா சொல்லுறார் சுத்திவரப் பனை வைச்சால் காலத்துக்கும் வேலிதானே எண்டு. அகழி வெட்டுறதும் ஒரு யோசனை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மின்கம்பி எழுதியது:

முதல்ல வீட்டு லைன் கதை. எந்தக் காரணத்துக்கும் குடுக்காதேங்கோ. 230 வோல்ற் லைன் நிக்காமல் ஓடுறது. தொட்ட கையின்ர தசை இறுகி, விட ஏலாமல் பிடிச்சுக்கொள்ளும். விடிய வயலுக்கு வாற ஆள்தான் முதல் சாவார். மின்வேலிப் பெட்டி (எனர்ஜைசர்) வேலை செய்யிறது வேற மாதிரி. செக்கனுக்கு ஒரு தரம் மாதிரி ஒரு துடிப்பு விடும், ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனில ஆயிரத்தில ஒரு பங்குகூட நிக்காது. வோல்ற்று ஆறாயிரம், எட்டாயிரம் எண்டு இருந்தாலும் சக்தி ஒரு சில ஜூல்தான். நல்லா வலிக்கும், ஆனால் அடுத்த துடிப்புக்கு முன்னம் விலக நேரம் இருக்கு. யானை பயப்பிடுறது அந்த வலிக்கு.

இனிக் கணக்கு. 3 ஏக்கர் சதுரமாக் கிடந்தால் ஒரு பக்கம் 110 மீற்றர், சுத்தளவு 440 மீற்றர். மூண்டு கம்பி எண்டால் 1,320 மீற்றர். 2.5 மில்லிமீற்றர் தடிப்பு, நாகம் (துத்தநாகம்) பூசின உயர் இழுவிசைக் கம்பி வாங்குங்கோ, ஏறக்குறைய 51 கிலோ வரும். கட்டுக்கம்பி வேண்டாம், அது இழுபட்டுத் தொய்யும். முள்ளுக்கம்பிக்கு மின்சாரம் குடுக்கவே கூடாது. மாடோ ஆளோ அதில சிக்கினால் கழட்ட ஏலாது.

கட்டை 5 மீற்றருக்கு ஒண்டு, ஆக 88. ஒன்பது அடி நீளம், இரண்டரை அடி நிலத்துக்குள்ள. நாலு மூலையும் கொங்கிறீற் போட்டு இறுக்கி, முட்டுக்கட்டையும் குடுக்க வேணும், இல்லாட்டி கம்பி இழுக்க மூலை சாயும். கம்பியின்ர உயரம் நிலத்தில இருந்து இரண்டரை, நாலரை, ஆறரை அடி. கம்பி கட்டையின்ர காட்டுப் பக்கத்தில வரவேணும். உள்பக்கமா அடிச்சால் யானை கம்பியைத் தொடாமலே கட்டையைத் தள்ளி விழுத்தும், அநியாயமா இந்தப் பிழைதான் கனபேர் விடுகினம். இன்னும் நல்லது, ஒவ்வொரு கட்டையிலயும் இரண்டடி நீளத்துக்கு ஒரு விறைப்பான கம்பியை வெளியால நீட்டி, அதுக்கும் மின்சாரம் குடுக்கிறது.

இன்சுலேற்றர் 264, மேலதிகமா ஒரு 20. பி.வி.சி. குழாயை வெட்டிப் போடுறது மலிவுதான், ஆனால் வெயிலில வெடிக்கும். வெடிப்புக்குள்ள மழைத்தண்ணி நிண்டால் மின்சாரம் கட்டை வழியா நிலத்துக்குப் போகும். கதியால் நட்டு அதில கட்டலாம், சீமைக்கிளுவை நல்லாப் பிடிக்கும். ஆனால் மழைக்குத் துளிர் விட்டுக் கம்பியைத் தொடும், மாதத்துக்கு ரெண்டு தரம் கொப்பு வெட்டிற ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கோ.

பற்றரி: பெட்டி சராசரி 0.4 அம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 10 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி ஆழ்சுழற்சிப் பற்றரியில (திரும்பத் திரும்ப இறக்கி ஏத்தக்கூடிய பற்றரி) பாதியை மட்டும் பாவிச்சால் அஞ்சு நாள் வெயிலில்லாமல் ஓடும். கார்த்திகை, மார்கழி மப்புக்கு 80 வற்று சோலர் பலகை வேணும். வாகனப் பற்றரி போட்டால் ஒரு வருசம் தாங்காது. பெட்டியைப் பகலில நிப்பாட்ட வேண்டாம். எப்ப கம்பி செத்துக் கிடக்குது எண்டு யானை தும்பிக்கையாலயும் காலாலயும் தொட்டுப் பாத்து அறியும்.

வேலியின்ர கடைசி முனையில ஒவ்வொரு பின்னேரமும் மின்வேலிக்கெண்டு செய்த வோல்ற்மீற்றரால பாருங்கோ. 6,000க்குக் கீழ இறங்கினால் அண்டைக்கே காரணம் தேட வேணும். பெரும்பாலும் புல்லு, இல்லாட்டி விழுந்த கொப்பு.

வெளிக்காரன் எழுதியது:

மின்கம்பி அண்ணை சாமானைப் பற்றி எழுதினது எல்லாம் சரி. எனக்கு உங்கட வேலி நிக்கிற இடம்தான் கவலை. மூண்டு ஏக்கரைத் தனிய அடைச்சால் ஏக்கருக்கு 147 மீற்றர் வேலி விழுது. அதே வயல்வெளியில 100 ஏக்கரை ஒண்டாச் சுத்தி அடைச்சால் சுத்தளவு 2,550 மீற்றர் மாதிரித்தான், ஏக்கருக்கு 25 மீற்றர். ஒரு பெட்டியே காணும், புல்லு வெட்ட முப்பது கை இருக்கும். தனி வேலி போட்டால் யானை பக்கத்து வயலுக்குள்ள போகும், பிறகு உங்களுக்கும் அயலுக்கும் பிரச்சினை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில கதையுங்கோ. பூட்டும் பெட்டியும் ஒரு ஆளின்ர பொறுப்பு, முறை வைச்சு வேலியைச் சுத்தி நடந்து பாக்கிறது எல்லாரின்ர பொறுப்பு எண்டு எழுதி வையுங்கோ.

வயலுக்குப் போடுற வேலி போகத்து வேலியா இருக்கட்டும். காலபோகம் விதைச்சு முளைச்ச உடன கட்டி, அரிவு வெட்டி முடிய கம்பியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. பிறகு யானை வந்து ஒட்டுத்தாளைத் தின்னட்டும், நட்டமில்லை. இலங்கையில இந்த முறையை வயல்வெளிகளில செய்து பாத்து, 2020 இல யானை-மனித மோதலைக் குறைக்கிற தேசிய செயற்திட்டத்திலயும் சேர்த்தவை. அந்தத் திட்டத்தை வரைஞ்ச குழுவுக்குத் தலைமை தாங்கினவர் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ.

காட்டுக்குள்ள, வனஜீவராசிகள் திணைக்கள எல்லைக் கோட்டில போட்ட வேலி கனக்க இடத்தில ஏன் பயன்படேல்லை எண்டால், அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் காடு, ரெண்டு பக்கமும் யானை. பாக்க ஆளும் இல்லை. யானை ஆறுதலா நிண்டு உடைக்கப் பழகுது. இந்தத் தீவில யானை திரியிற நிலம் ஏறக்குறைய 60 வீதம். அந்த நிலத்திலயே 70 வீதமான இடத்தில மனிசரும் குடியிருக்கினம். எல்லா யானையையும் கலைச்சு ஒரு பக்கம் ஒதுக்கலாம் எண்ட எண்ணத்தை விடவேணும். அடைக்க வேண்டியது ஊரையும் பயிரையும்.

பயிருக்கு வாறது அனேகமா வளந்த ஆண். இங்க கொம்பன் (தந்தமுள்ள ஆண்) குறைவு, ஆண் யானையில பத்து வீதமும் இல்லை. அலியன் (தந்தமில்லாத ஆண்) தந்தத்தால கம்பியை உடைக்காது. காலின்ர தடிச்ச அடியால மிதிக்கும், இல்லாட்டி மரத்தைத் தூக்கிக் கம்பியில போடும். வேலிக்கு 20 அடிக்குள்ள தள்ளி விழுத்தக்கூடிய மரம் நிண்டால் அந்த மூலையைக் கூடக் கவனியுங்கோ.

அகழி வேண்டாம். உங்கட பக்கம் மணல்பாங்கு, ஒரு மாரியோட கரை இடிஞ்சு தூர்ந்துபோகும். மிச்சத்தை யானையே காலால சரிச்சு வழி எடுக்கும்.

வடலி எழுதியது:

அப்பா சொன்னதை முழுசாத் தள்ளாதேங்கோ, ஆனால் அது உங்கட பிள்ளைகளுக்கான வேலி. பனை அடிமரம் எடுத்து நிமிரவே பத்து, பன்னிரண்டு வருசம். அதுவரைக்கும் வடலிக் குருத்து யானைக்குச் சாப்பாடு. முத்தின பனையையும் பனம்பழக் காலத்தில ஆடி, ஆவணியில தேடி வரும். பழத்தை விழுங்கி, கொட்டையைத் தூர தூரப் போட்டு, காட்டுக்குள்ள பனை பரப்பினதில யானைக்குப் பங்கு இருக்கு.

செய்யிறதெண்டால் மூண்டு வரிசை, நாலடி இடைவெளி, ஒரு வரிசையின்ர இடைவெளிக்கு நேர அடுத்த வரிசையின்ர மரம் வாற மாதிரி. 440 மீற்றருக்கு வரிசைக்கு 360 குழி, மொத்தம் 1,080. குழிக்கு ரெண்டு கொட்டை. நேரா நிலத்திலயே ஊண்ட வேணும். பாத்தியில முளைக்க விட்டுப் பிடுங்கி நட்டால் கீழ இறங்கின முளை முறியும், கிழங்கு கிண்டுற ஆசையும் கூடாது. ஒரு மரம் செத்தாலும் அந்த இடம் வாசல் ஆகும், வருசா வருசம் இடை நிரப்ப வேணும். மூண்டு மீற்றர் அகலப் பட்டி எண்டால் காணியில ஏக்கரில மூண்டில ஒண்டு போகுது, வளந்த பிறகு அனுமதி இல்லாமல் தறிக்கவும் ஏலாது. மின்வேலிக்கு உள்பக்கமா, தென்னைப் பக்கத்தில மட்டும் வைக்கிறது என்ர விருப்பம். நிழல் வயலில விழக்கூடாது.

ஊர்காவற்றுறையார் எழுதியது:

சட்டத்தையும் ஒருக்காச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காட்டு யானையைக் கொல்வது குற்றம். வீட்டு லைன் கம்பியில் யானை செத்தால் காணிக்காரரே பதில் சொல்ல வேண்டும். ஹக்கபட்டாஸ் எனப்படும் வாய்வெடியைப் பூசணிக்காய்க்குள் வைப்பது அதைவிடக் கொடுமை. தாடை சிதைந்த யானை தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள். 2011இல் எண்ணியபோது இருந்ததே 5,879 யானைகள்தான்.

காணியில் யானை இறந்து கிடந்தால் எதிலும் கை வைக்காதீர்கள். தந்தம், கஜமுத்து (யானை முத்து) மட்டுமல்ல, மோதிரம் கட்டவென்று வால்முடி பிடுங்கினாலும் சிக்கல். ஆசிய யானை 1975 முதல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. கனடாவுக்குக் கொண்டுபோகிற யானைமுடி மோதிரமும் அந்தத் தடைக்குள்தான் வரும்.

யானை புதிதாக ஊருக்குள் வந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்காக ஒன்று. ஆனையிறவு என்ற பெயரே யானை களப்பைக் கடந்த இடத்தைச் சொல்கிறது. வன்னியில் பிடித்த யானைகளை அந்த வழியாக நடத்திக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் அதற்கு 'யானைத் துறை' என்று பெயர் இட்டார்கள்; அதில் துறையைக் குறிக்கும் 'காயிஸ்' என்ற சொல்தான் திரிந்து கயிற்ஸ் ஆனது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் வன்னியரிடம் யானையையே திறையாக வாங்கினார்கள், கோல்கொண்டா வணிகருக்கு விற்றார்கள். யாழ்ப்பாணத்துக் கருவூலம் யானையால் நிரம்பிய காலம் அது.

கொக்குவில் கமம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெளிக்காரன் சொன்ன கணக்கைக் காட்டி அமைப்பில கதைக்கிறன். தென்னைக்கு வருசம் முழுக்க வேலி வேணுமே, ஆடி மாதத்தில அந்த மணல் காய்ஞ்சு மாவாய்ப் போகும். அப்ப மின்சாரம் அடிக்குமோ? அரிவு வெட்டின நெல்லை அங்கயே ஒரு கொட்டிலில வைக்கிறனாங்கள், அதுக்கு என்ன செய்யலாம்?

மின்கம்பி எழுதியது:

நல்ல கேள்வி. வேலி தோற்கிறது அனேகமா ஏர்த்திலதான். மின்சாரம் கம்பியால யானைக்குப் போய், காலால நிலத்துக்கு இறங்கி, ஏர்த் கம்பியால பெட்டிக்குத் திரும்ப வேணும். காய்ஞ்ச மணல் கடத்தாது. யானை கம்பியைப் பிடிச்சாலும் கிச்சுக்கிச்சு மாதிரித்தான் இருக்கும், ஒருக்கா அப்பிடி விட்டால் பிறகு பயம் வராது.

ரெண்டு வேலை செய்யுங்கோ. ஏர்த்துக்கு ஆறு அடி நீள நாகம் பூசின குழாய் மூண்டை, 3 மீற்றர் இடைவெளியில நிலத்துக்குள்ள இறக்குங்கோ, ஈரம் நிக்கிற இடமாப் பாத்து. கிணத்தடி, வாய்க்கால் கரை நல்லம். வீட்டு மின்சாரத்தின்ர ஏர்த்துக்கு 10 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். அடுத்தது, தென்னைப் பக்கத்தில நடுக்கம்பியை மின்சாரத்தில இருந்து பிரிச்சு ஏர்த்தோட சேருங்கோ. மேலயும் கீழயும் உயிர்க்கம்பி, நடுவில ஏர்த்துக் கம்பி. யானை உள்ள வரப் பாக்கிற நேரம் ரெண்டையும் சேர்த்துத் தொடும், நிலம் காய்ஞ்சிருந்தாலும் முழு அடி விழும்.

சோதிக்கிறது இப்பிடி: பெட்டியில இருந்து 100 மீற்றர் தள்ளி ரெண்டு மூண்டு இரும்புக் கம்பியை நிலத்தில ஊண்டி உயிர்க்கம்பியில சாத்துங்கோ. வேலி வோல்ற்று 2,000க்குக் கீழ இறங்கும்வரைக்கும் கம்பியைக் கூட்டுங்கோ. அப்ப கடைசி ஏர்த் குழாயில அளந்தால் 300க்கு மேல காட்டக் கூடாது. காட்டினால் இன்னும் ஒரு குழாய் இறக்குங்கோ. இதை ஆடியில செய்யுங்கோ, மாரியில செய்தால் எல்லாம் சரியாத்தான் காட்டும்.

வாசலுக்கு அடியால நிலத்துக்குள்ள போடுற வயருக்கு வீட்டு வயர் பாவிக்காதேங்கோ, அது இந்த வோல்ற்றுக்குச் செய்ததில்லை. மின்வேலிக்கெண்டே ரெட்டைக் காப்போட வாற வயர் இருக்கு. மூட்டுகளை முடிச்சுப் போடாமல் கிளாம்பால இறுக்குங்கோ, முடிச்சு துருப்பிடிச்சு அங்கயே வோல்ற்று சாகும்.

வெளிக்காரன் எழுதியது:

நெல்லைக் கொட்டிலில வைக்காதேங்கோ. மணத்துக்குச் சுவரைத் தள்ளி வரும், உள்ள ஆக்கள் படுத்தால் உயிர் போகும். உப்பு மூட்டையும் அப்பிடித்தான். காய்ஞ்ச உடன பரந்தன் பக்கமோ யாழ்ப்பாணமோ ஏத்துங்கோ. ரெண்டு மூண்டு நாள் வைக்கத்தான் வேணும் எண்டால் மூடியுள்ள தகரப் பீப்பாயில, மின்வேலிக்கு உள்ள, ஆக்கள் படுக்கிற இடத்துக்குத் தூர வையுங்கோ.

அழிஞ்ச பயிரைத் துப்புரவாக்க முதல் கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லுங்கோ. நெல்லுக்கு யானை அழிவும் பயிர்க் காப்புறுதிக்குள்ள வரும். கால் தடத்தோட படம் எடுத்து வையுங்கோ. தென்னம்பிள்ளையை அதில சேர்க்கிறதோ எண்டு அதே நிலையத்தில கேளுங்கோ. யானை ஊருக்குள்ள நிண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 அடியுங்கோ. ரோச் வெளிச்சத்தோட கிட்டப் போய்க் கலைக்கிறது மட்டும் வேண்டாம்.