பயிருக்கு வரும் ‘ஸ்ட்ரெஸ்’ – ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

சேரன்மகாதேவியிலிருந்து:
அன்புள்ள குழுவினருக்கு, கடற்பாசிச் சாறு தெளிப்பது பற்றி நெல் விவசாயிகளுக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகணும். பிசான நெல் பருவத்துக்கு நாற்று பாவுவதற்குள் கைக்குக் கிடைத்தால்தான் பிரயோசனம். வறட்சி, உப்பு, வெக்கையால் வரும் ‘ஸ்ட்ரெஸ்’, அதைத் தாங்கும் ‘டாலரன்ஸ்’ இரண்டுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்குத் ‘தகைவு’, ‘தாங்குதிறன்’ என்று போட்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:
தகைவு இயற்பியல் பாடத்தில் கம்பியை இழுத்தால் வருவது. நெல்லைக் கம்பியாக்க வேண்டாம். ‘அழுத்தம்’ என்றால் டயர்க் காற்று. 261ஆம் குறளைப் பாருங்கள்: ‘உற்றநோய் நோன்றல்’. அதே அடியில் ‘உறுகண்’, அதாவது துன்பம். ஸ்ட்ரெஸ் உறுகண், டாலரன்ஸ் நோன்றல். நோன் என்றால் பொறு. நோன்பு என்ற சொல்லும் அதில் பிறந்ததுதான்.

கடையத்திலிருந்து:
அண்ணாச்சி, உறுகண் என்று போட்டால் கண்ணேறு என்று நினைத்து வரப்பில் பூசணிக்காய் கட்டிவிடுவார்கள். பயிர் ‘சுணங்கி நிக்குது’ என்போம். சுணக்கம் போதாதா? கடையில் இந்தச் சாற்றுக்கும் ‘பாசி டானிக்’ என்றுதான் பேர்.

பாளையங்கோட்டை:
தம்பி, வெயிலால் பயிர் சுணங்குகிறது. வெயிலே சுணக்கம் ஆகுமா? காரணத்துக்குப் பேர் கேட்டால் விளைவின் பேரைச் சொல்கிறீர்கள்.

அம்பையிலிருந்து:
தாவரவியல் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று. ‘டானிக்’ வேண்டவே வேண்டாம், யூரியாவுக்குப் பதில் இதுவே போதும் என்று நினைத்துவிடுவார்கள். தெளிக்கிற அளவில் இது உரத்துக்கு ஈடாகாது. இதிலுள்ள சைட்டோகைனின், ஆக்சின், பீட்டைன் மாதிரிப் பொருள்கள் பயிரின் உள்வேலையைத் தூண்டிவிடுகின்றன. அதனால்தான் 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இந்த மாதிரித் தூண்டிகளுக்கெல்லாம் தனி இனம் வைத்தார்கள்.

அப்புறம், ‘சாறு’ எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மண்டபம் பக்கம் வளர்க்கிற கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைப் பச்சையாக நசுக்கிப் பிழிந்தால் சாறு. வட அட்லாண்டிக் கடற்பாசியான அஸ்கோபில்லத்தைப் பெரும்பாலும் காரக் கரைசலில் (ஆல்கலி) கரைத்து எடுக்கிறார்கள். அதைச் ‘சாரம்’ என்றால்தான் சரி.

பாளையங்கோட்டை:
சாரம் வடசொல். ‘வடிநீர்’ இருக்கிறதே. சொல்லப்போனால் ‘பாசி’யே இடிக்கிறது. பாசி பசுமையில் பிறந்த சொல், கப்பாபைகஸோ செம்பாசி இனம். பச்சையான சிவப்பு!

மேலப்பாளையத்திலிருந்து:
எங்கள் வீட்டில் கடல்பாசி என்றால் நோன்பு திறக்கும்போது சீனி போட்டுக் காய்ச்சி உறையவைத்த துண்டு. அண்ணாச்சி நோன்றலையும் நோன்பையும் சேர்த்ததும் எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் வந்தது. அதை உறையவைக்கிற அகாரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசியிலிருந்து எடுப்பதுதானே? மளிகைக் கடையில் அதை வாங்கிக் கரைத்து வயலில் அடித்துவிடாதபடி ஒரு வரி போடுங்கள்.

சேரன்மகாதேவி:
ஞாயிறு இரவு பதினொன்று. அச்சுக்குப் போவது: ‘கடற்பாசிச் சாறு’, ‘வறட்சி நெருக்கடி’, ‘உப்பு நெருக்கடி’, ‘தாங்குதிறன்’. ஸ்ட்ரெஸுக்கு ‘நெருக்கடி’ என்று போட மூன்று பேர் சரி சொன்னார்கள், கடையம் அரை மனதாக. மேலப்பாளையத்தார் கேட்ட வரியைச் சேர்த்துவிட்டேன். சாரம், வடிநீர், செம்பாசி எல்லாம் அறுவடைக்குப் பிறகு.

பாளையங்கோட்டை:
நெருக்கடி என்பது ஜங்ஷன் பஸ்ஸில் இருப்பது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு எப்போது?