பண்டிகை முடிந்த மறுநாள் பட்டினி கிடக்கலாமா?

நீலக்குடை:
மூன்று நாள் பண்டிகை நேற்றோடு முடிந்தது. இன்று காலை எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. வயிறு கல் மாதிரி இருக்கிறது. இன்றும் நாளையும் வெறும் தண்ணீர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான். "லங்கணம் பரம ஔஷதம்", பட்டினியே சிறந்த மருந்து என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்று நாள் ஓயாமல் அரைத்த வயிற்றுக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுப்பதுதான் நியாயம். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

கரண்டி:
நான் வேண்டாம் என்பேன். முதலில் அந்த இரண்டு கிலோவைப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி தேவைக்கு மேல் போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,000-க்கு மேல். அன்றாடச் சாப்பாட்டுக்கு மேலே மூன்றே நாளில் அவ்வளவு போயிருக்காது. அப்படியானால் கூடியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவும் சர்க்கரையும் அதிகமானால் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாக, அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையாகச் சேரும், அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினாலே சில நாளில் இறங்கிவிடும்.

அப்புறம், காலை முழுக்கப் பட்டினி கிடந்தவர் இரவு எங்கே போய் நிற்பார்? மிச்சமிருக்கும் பலகார டப்பா முன்னால்தான். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நீலக்குடை:
கணக்கு சரி. ஆனால் நான் எடைக்காக மட்டும் சொல்லவில்லை. காலையில் எனக்குப் பசியே இல்லை. ஏப்பத்தில் நேற்று ராத்திரி சாப்பிட்டதன் வாடை வருகிறது. பசிக்காத வயிற்றில் "வழக்கமான சாப்பாடு" என்று எதற்குத் திணிக்க வேண்டும்? பத்து வருடமாக இப்படிச் செய்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம் உடம்பு இறகு மாதிரி ஆகிவிடும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாடிப்படி:
நீலக்குடை, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் "பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் மனசு பதறிவிட்டது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சில வருடங்களுக்கு முன் பண்டிகை நாளில் ஆசையாக நிறையச் சாப்பிட்டுவிட்டார். குற்ற உணர்ச்சியில் மறுநாள் காலை சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பதினோரு மணி இருக்கும். வெளியே கிளம்புவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பத் தவறான ஓட்டையில் மாட்டுகிறார். விரல் நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. "என்னப்பா?" என்றால் சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறார். சோதித்துப் பார்த்தோம், 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்நிலைச் சர்க்கரை. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்து உட்கார வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்கக் கூடாது. இங்கே வந்து படிப்பவர்கள் எல்லாரும் திடகாத்திரமானவர்கள் என்று நினைத்து எழுதாதீர்கள்.

நீலக்குடை:
இதை ஏற்றுக்கொள்கிறேன், மாடிப்படி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நான் சொன்னதைச் செய்யவே கூடாது. அப்பா நலமாக இருக்கிறாரா? ஆனால் மருந்து மாத்திரை எதுவும் இல்லாதவர்களுக்கு என் கருத்து மாறவில்லை.

இரவுப்பணி:
நீங்கள் எல்லாரும் மறுநாளைப் பற்றியே பேசுகிறீர்கள். கரண்டி சொல்வதைக் கேட்டால் கவலையே வேண்டாம் போலிருக்கிறது. அது தப்பு. 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். சின்னத் தொகை. ஆனால் அது பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருடா வருடம் இப்படிச் சேர்ந்தால் இருபது வருடத்தில் என்ன ஆகும்?

என்னைப் பொறுத்தவரை குற்றவாளி பண்டிகை நாள் இல்லை. அதற்கு அப்புறம் இரண்டு வாரம் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் டப்பாதான். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. "வீட்டில் செய்ததுதானே" என்ற சமாதானம் வேறு. வெண்ணெய் வீட்டில் உருகினாலும் கடையில் உருகினாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரிதான்.

ஆறேழு வகை செய்வதையும் நிறுத்துங்கள். ஒரே பண்டத்தைச் சாப்பிட்டால் சீக்கிரம் திகட்டும். அடுத்து வேறு ருசி வந்தால் நிறைந்த வயிறும் இடம் கொடுக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1981-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஒரு பண்டிகைக்கு ஒரே பலகாரம், போதும்.

கரண்டி:
கவலை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பட்டினி வேண்டாம் என்றுதான் சொன்னேன். டப்பா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே பலகாரம் என்பதை ஏற்க முடியாது, இரவுப்பணி. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று பிடிக்கும். அவரவருக்குப் பிடித்ததை வருடத்தில் அந்த ஒரு தடவைதான் உட்கார்ந்து செய்கிறோம். அம்மா பாகு பதம் பார்க்கும்போது சின்னவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு விரலுக்கு நடுவே அந்த மெல்லிய கம்பி இழுபட்டதும் "வந்துடுச்சு பாட்டி!" என்று கத்துவாள். எந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதை அம்மா நினைவில் வைத்திருக்கிறாள் என்பது அதில் தெரிகிறது. "இந்த வருடம் உனக்குப் பிடித்தது கிடையாது" என்று யாரிடம் சொல்வது?

வகையைக் குறைக்க வேண்டாம், அளவைக் குறைக்கலாம். இந்த வருடம் ஒவ்வொன்றிலும் பாதிதான் போட்டோம். உருண்டைகளை நெல்லிக்காய் அளவுக்குப் பிடித்தோம். ஒருமுறை பொரித்து நிறம் மாறிய எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. கடையில் வாங்கினால் இது எதுவும் நம் கையில் இல்லை.

இரவுப்பணி:
பாதி அளவு என்றால் சரி. அப்படியானால் மிச்சத்தை அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கொடுக்கலாம் என்று வைத்தால் கொடுக்க மனசு வராது, அக்கா.

மாடிப்படி:
அப்பா நன்றாக இருக்கிறார், நீலக்குடை. கேட்டதற்கு நன்றி.

இப்போது வயிறு கல் மாதிரி இருக்கிறது என்றீர்கள். கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதை அவசரப்படுத்த முடியாது. படுக்காதீர்கள், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள், வேகநடை வேண்டாம். இரவில் நெஞ்செரிச்சல் இருந்தால் இடது பக்கம் திரும்பிப் படுங்கள், அமிலம் மேலே ஏறுவது குறையும். சோடா குடித்தால் ஏப்பம் வரும், உப்புசமும் கூடும்.

ஆனால் வலது விலா எலும்புக்குக் கீழே விடாத வலி, அது முதுகுக்கோ தோளுக்கோ பரவுவது, கூடவே வாந்தியோ காய்ச்சலோ என்றால் பித்தப்பைப் பிரச்சினையாக இருக்கலாம். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் என்றால் "வாயுதான்" என்று வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீலக்குடை:
அப்படி வலி எதுவும் இல்லை. வெறும் கனம்தான். ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன், இப்போது பரவாயில்லை.

இரண்டு நாள் தண்ணீர் என்பதை விட்டுவிடுகிறேன். பசி வந்த பிறகு கொஞ்சமாக, எண்ணெய் இல்லாமல் சாப்பிடப் போகிறேன். பசிக்காமல் காலைச் சாப்பாடு மட்டும் சாப்பிட மாட்டேன். கரண்டி, அதில் என்னை மாற்ற முடியாது.

கரண்டி:
பசிக்கும்வரை காத்திருங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. டப்பாவில் எவ்வளவு மிச்சம்?

நீலக்குடை:
முக்கால் டப்பா. நாளைக் காலை ஆபீஸுக்கு எடுத்துப் போகிறேன். மகளுக்குப் பிடித்ததில் மட்டும் நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.