பெண் ஆமை தீனி தொடாமல் கண்ணாடியைப் பிறாண்டுகிறது: ஆண் தொல்லையா, முட்டையா?

அல்லித்தொட்டி:
என்னிடம் இருப்பது ரெட் இயர்டு ஸ்லைடர் வகை ஆமை ஜோடி. பெண்ணின் ஓடு 20 செ.மீ., ஆண் 13. ஆண், பெண்ணின் முகத்துக்கு நேரே வந்து முன்னங்கால் நகங்களைப் படபடவென்று ஆட்டுகிறது. பெண் சில நாளாகத் தீனி தொடவில்லை, ராத்திரியும் பிறாண்டல்தான். சண்டையா? தண்ணீர் 27 டிகிரி.

ஓட்டுவீடு:
நகம் ஆட்டுவது சண்டையில்லை, இணைசேர அழைப்பு. ஆணுக்கு முன் நகம் நீளமாக இருப்பதே அதற்குத்தான். கழுத்தைக் கடித்தால்தான் கவலை.

பெண்ணின் தவிப்பு அநேகமாக முட்டைக்கு இடம் தேடுவது. பின்னங்காலைப் பாருங்கள்: மாற்றி மாற்றித் தோண்டுவதுபோல் இழுத்தால் அதேதான். ஆணே இல்லாவிட்டாலும் முட்டை வரும். பின்னங்காலுக்கு முன்னால் உள்ள இடுப்புக் குழியில் விரல் விட்டு அமுக்கிப் பார்க்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் ஆபத்து. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்.

ஆணை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் தோட்டமண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி, 25-30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, பெண்ணைப் பகலில் சில மணிநேரம் தனியே விடுங்கள். எட்டிப் பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். பிறகு தண்ணீருக்குத் திரும்பட்டும்.

அல்லித்தொட்டி:
மணலில் விட்டேன். பாதி தோண்டி, விட்டுவிட்டு வந்துவிட்டது.

ஓட்டுவீடு:
வெறும் மணலா? காய்ந்திருந்தால் குழி சரிந்துவிடும், அதுவும் கைவிட்டுவிடும். மண் கலந்து தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. முதல் ஒன்றிரண்டு குழிகளைச் சோதனைக்குத் தோண்டிவிட்டுப் போவதும் உண்டு, பதறாதீர்கள்.

கரைமணல்:
இன்னொன்று: தண்ணீரிலேயே முட்டை போட்டால் இடம் பிடிக்கவில்லை என்று பொருள். கணவாய் ஓடு ஒரு துண்டு தொட்டியில் கிடக்கட்டும், யூவிபி விளக்கும் (வெயிலைப்போலப் புற ஊதாக் கதிர் தருவது) வேண்டும்; சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளியே தள்ள முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

முக்கிக்கொண்டே இருந்து எதுவும் வராமல் போனால், சோர்ந்து கிடந்தால், ஆசனவாயில் ரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை நீங்களாகப் போட வேண்டாம். முட்டை பெரிதாகவோ உடைந்தோ இருந்தால் கருக்குழாய் கிழிந்துவிடும். ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தினால் அது முட்டையில்லை, நுரையீரல் தொற்றாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

முட்டை வந்ததும், குஞ்சு வேண்டாமென்றால் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். குஞ்சுகளை ஏரியில் விட்டால் நம்மூர் ஆமைகளுக்குத்தான் இடைஞ்சல்.