சார்புகள் பாடத்தில் உங்கள் மதிப்பெண் எங்கே குறைந்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

முன்னாள் மாணவி:

நானே தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பு வரை கணக்கில் 90-க்குக் கீழே இறங்கியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் சார்புகள் (ஃபங்ஷன்ஸ்) பாடத்தின் முதல் தேர்வில் 61. தாளைக் கையில் வாங்கியபோது யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். வர்க்கமூலம் (எக்ஸ் − 2) உடன் 5 கூட்டிய சார்பு ஒன்று. வரைபடம் வரைந்து, சார்பகமும் (எக்ஸ் எடுக்கக்கூடிய மதிப்புகள்) வீச்சகமும் (சார்பு தரும் மதிப்புகள்) எழுதச் சொல்லியிருந்தார்கள். வரைபடத்தை அழகாக வரைந்திருந்தேன். படத்தைப் பார்த்தாலே தெரியுமே என்று மற்ற இரண்டையும் எழுதவில்லை. 4-க்கு 2. அடுத்து, எக்ஸ்² என்பதற்கு, எக்ஸ் பூச்சியமோ அதற்கு மேலோ இருக்கும்போது, நேர்மாறு சார்பு, அதாவது விடையிலிருந்து எக்ஸுக்குத் திரும்பக் கொண்டுபோகும் சார்பு, காணச் சொன்ன கேள்வி. நேர்மாறைக் குறிக்க எஃப்-இன் மேலே போட்டிருந்த −1-ஐ அடுக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒன்றின் கீழ் எக்ஸ்² என்று எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பூச்சியம். அப்புறம் எஃப்(எக்ஸ் + 3) வரைபடம். கூட்டல் என்றால் வலப்பக்கம் என்று வலப்பக்கமே நகர்த்தியிருந்தேன்.

அன்று இரவு அழுதேன். கணக்கு வராது என்று முடிவுகட்டிவிட்டேன்.

மறுநாள் மிஸ் என்னை அழைத்து உட்கார வைத்தார். "எக்ஸ்² வரைபடத்தின் அடிப்புள்ளி எங்கே?" என்று கேட்டார். பூச்சியத்தில் என்றேன். "ஏன்?" என்றார். இதற்கெல்லாம் காரணம் உண்டா என்று முழித்தேன். அவரே, "அடைப்புக்குள் பூச்சியம் ஆனால்தான் வர்க்கம் மிகச் சிறியதாகும். (எக்ஸ் + 3) பூச்சியம் ஆக எக்ஸ் என்னவாக இருக்க வேண்டும்?" என்றார். −3 என்று சொல்லும்போதே புரிந்துவிட்டது. அதனால்தான் படம் இடப்பக்கம் போகிறது. மனப்பாடமாகப் படித்த ஒரு விதி காரணத்தோடு தெரிந்த முதல் தருணம் அதுதான்.

பிறகு மதிப்பெண் பிரிப்பைக் காட்டினார். ஏறக்குறைய பாதிதான் செய்முறைக்கு. மீதி, காரணம் சொல்வதற்கும், பழகாத சூழலில் பயன்படுத்துவதற்கும், குறியீடுகளைச் சரியாக எழுதுவதற்கும். அதுவரை கணக்கு என்றால் கடைசி வரியில் ஓர் எண் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. இந்தப் பாடத்தில் விடை ஒரு விதியாக இருக்கலாம், படமாக இருக்கலாம், ஒரு முழு வாக்கியமாகவும் இருக்கலாம். கேள்வியின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் அன்று வந்தது. காண்க, விளக்குக, ஒப்பிடுக, நிறுவுக. நான்கும் வேறு வேறு வேலைகள். ஆண்டு இறுதியில் 84 எடுத்தேன்.

ஒரு வருத்தம் மட்டும் இன்றும் இருக்கிறது. அந்தப் பிரிப்பை முதல் தேர்வுக்கு முன்பே காட்டியிருக்கலாம். எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் எழுத வைத்துவிட்டு, எழுதவில்லை என்று குறைப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

* * *

கணித ஆசிரியர்:

உங்கள் கடைசிப் பத்தியை முழுமையாக ஏற்கிறேன் அம்மா. நான் திருத்தும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ்² − 12எக்ஸ் + 7. வர்க்கப்பூர்த்தி செய்து (எக்ஸ் வரும் பகுதியை ஒரே வர்க்கமாக மாற்றி), முனையையும் (படம் திரும்பும் புள்ளி) வீச்சகத்தையும் எழுதி, வரைபடம் வரைய வேண்டும். 6 மதிப்பெண். சரியான வடிவம் 2(எக்ஸ் − 3)² − 11. ஒரு மாணவன் 9-ஐக் கழிக்கும்போது வெளியே நிற்கும் 2-ஆல் பெருக்க மறந்து, 2(எக்ஸ் − 3)² − 2 என்று எழுதிவிட்டான். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்கு. முனை (3, −2) என்றான். வீச்சகம் −2-உம் அதற்கு மேலும் என்றான். படத்தை அதற்கேற்ப வரைந்திருந்தான். நான் முனை தவறு, வீச்சகம் தவறு, படம் தவறு என்று வரிசையாகச் சுழித்து 6-க்கு 1 போட்டேன்.

அவன் தாளோடு வந்து நின்றான். கோபமாகக்கூட இல்லை. "ஒரே தப்புக்கு எத்தனை தடவை சார் குறைப்பீங்க?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு முனை என்றால் என்ன, வீச்சகம் என்றால் என்ன, அவற்றை எப்படிப் படமாக்குவது, மூன்றும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது ஒரு பெருக்கல். அன்றிலிருந்து ஒரு பிழைக்கு ஓர் இடத்தில்தான் குறைக்கிறேன். பிழையான எண்ணை வைத்து அடுத்த படிகளைச் சரியாகக் கொண்டுபோயிருந்தால் அந்தப் படிகளுக்கு உரிய ஸ்டெப் மார்க் உண்டு. பிழையால் கணக்கே எளிதாகிவிட்டால் மட்டும் முழுதாகத் தருவதில்லை, ஏனென்றால் கேட்டதை அவர்கள் செய்யவே இல்லை. அந்தப் பையனின் தாளை அன்றே மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று, வரையறைக் கேள்வி. சார்பு என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் "ஒரு சூத்திரம்" என்று எழுதுவார்கள். முன்பு பூச்சியம் போடுவேன். இப்போது பாதி தருகிறேன். 1748-இல் கணித மேதை ஆய்லரே சார்பை ஒரு கோவையாக, அதாவது சூத்திரமாகத்தான் வரையறுத்தார். கோவை என்ற பிடியை விட்டு, ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு மதிப்பு இருந்தால் போதும் என்ற பொதுவான பார்வைக்கு 1837-இல் டிரிச்லே என்ற கணித அறிஞர் வந்தார். விகிதமுறு எண்களுக்கு ஒரு மதிப்பு, விகிதமுறா எண்களுக்கு வேறொரு மதிப்பு தரும் சார்பை அவர் 1829-இலேயே காட்டியிருந்தார். அதை யாராலும் வரைந்து காட்ட முடியாது, ஆனாலும் அது சார்புதான். கணித உலகத்துக்கே இவ்வளவு காலம் பிடித்த ஒன்றைப் பிள்ளைகள் ஒரே பருவத்தில் கடக்க வேண்டும் என்கிறோம். கொஞ்சம் பொறுமை வேண்டாமா? வகுப்பில் இதைச் சொன்ன பிறகு, வரைபடத்தின் மேல் செங்குத்துக் கோடு போட்டுப் பார்க்கும் குத்துக்கோட்டுச் சோதனை எதற்கு என்று விளக்குவது எனக்கு எளிதாகிவிட்டது. ஒரு எக்ஸுக்கு இரண்டு மதிப்பு வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

* * *

ஒரு தாய்:

எனக்குக் கணக்கு அவ்வளவாகத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். மகன் வீட்டில் எல்லா வரைபடங்களையும் போனில் உள்ள செயலியில் போட்டுப் பார்த்துத்தான் பயிற்சி செய்வான். தேர்வில் (எக்ஸ்² − 9)-ஐ (எக்ஸ் − 3)-ஆல் வகுத்த சார்பு வந்திருக்கிறது. சுருக்கி, நேர்கோடு என்று வரைந்து, சார்பகம் எல்லா மெய்யெண்களும் என்று எழுதிவிட்டான். 5-க்கு 2. "செயலியில் நேர்கோடுதானே அம்மா வருகிறது" என்று ஒரே வாதம்.

எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "அந்த எக்ஸ் இருக்கிற இடத்தில் 3-ஐப் போட்டால் என்ன வரும்?" போட்டுப் பார்த்தான். மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் கோட்டில் 3-க்கு நேரே ஒரு புள்ளி இல்லை, திரையில் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது என்று பிறகு அவனே எனக்கு விளக்கினான். செயலியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் கையால் வரைந்துவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன்.

* * *

முன்னாள் மாணவர்:

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்கு தேர்வுகளில் நான் வாங்கியது 40, 55, 78, 85. சராசரி 64.5. அதுதான் அறிக்கையில் ஏறியது. முதல் தேர்வில் தடுமாறிய உருமாற்றங்கள் (வரைபடத்தை நகர்த்துவது போன்றவை) நான்காவது தேர்வில் சைன் சார்பின் வரைபடத்தோடு மறுபடி வந்தன, அவற்றைச் சரியாகவே செய்தேன். பாடம் முடிந்த நாளில் எனக்கு இருந்த அறிவு 64.5 இல்லை. தொடக்கத்தில் தடுமாறியதற்கு இறுதி வரை விலை கொடுக்கத்தான் வேண்டுமா?

* * *

கணித ஆசிரியர்:

வேண்டாம் என்பதுதான் என் எண்ணம் தம்பி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கடைசித் தேர்வை மட்டும் எடுத்தால், ஒரு நாள் காய்ச்சலில் எழுதியவன் மாட்டிக்கொள்வான். அதனால் நான் தேர்வு வாரியாகப் பார்க்காமல் கருத்து வாரியாகப் பார்க்கிறேன். சார்பகம், உருமாற்றம், நேர்மாறு, இருபடி என்று தனித்தனிக் கட்டங்கள். ஒரு கருத்து பின்னால் மறுபடி வந்து, அதைச் சரியாகச் செய்திருந்தால் பழைய மதிப்பெண் போய்ப் புதியது வரும். மறுபடி வராத கருத்துக்கு ஒரு சிறு மறுதேர்வு, ஆனால் முதல் தாளின் பிழைகளைத் தானே திருத்தி, ஏன் பிழை என்று எழுதிக் கொண்டுவந்தால்தான் எழுதலாம். எனக்கு வேலை இரட்டிப்புதான். இருந்தாலும் உங்கள் தாள்களை நான் திருத்தியிருந்தால் உருமாற்றக் கட்டத்தில் அந்தப் பழைய மதிப்பெண் நின்றிருக்காது.

* * *

முன்னாள் மாணவி:

தங்கைக்கு அடுத்த வாரம் இதே பாடத்தில் முதல் தேர்வு. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று மிஸ்ஸிடம் இன்றே கேட்டுவிட்டு வரச் சொன்னேன். கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். காரணம் சொல்வதற்கு மட்டும் 20 மதிப்பெண்ணாம்.