பாற்கடலுக்கு எவ்வளவு நேரம்?

பெரியம்மா: எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று ராத்திரியே கம்போடியாவில் சியெம் ரீப் வந்து சேர்ந்துவிட்டோம். விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகுதூரம். இப்போது வண்டியில் ஏறியாகிவிட்டது.

ராஜி அக்கா: அப்பா சாப்பிட்டாரா அம்மா?

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் ராஜி. சாப்பிட்டேன்.

நான்: கைடு எப்படி பெரியம்மா?

பெரியம்மா: நல்ல பையன். சீருடைச் சட்டை, கழுத்தில் உரிம அட்டை, கையில் மஞ்சள் குடை. அந்தக் குடை எங்கே போகிறதோ அங்கே நாம் போக வேண்டுமாம். ஆளுக்கொரு இயர்போன் கொடுத்திருக்கிறார்கள். உன் பெரியப்பா காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார்.

குமார் மாமா: அக்கா, கோயில் சீட்டு வாங்கியாச்சா?

பெரியம்மா: இப்போதுதான். மூன்று நாள் சீட்டு, ஆளுக்கு 62 டாலர். வரிசையில் நிறுத்தி முகத்தைப் படம் எடுத்து, சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். படத்தில் நான் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

ராஜி அக்கா: அது பயணக் கட்டணத்தில் சேர்த்தி இல்லையா?

பெரியப்பா: இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்திருந்தேன், உன் அம்மா நம்பவில்லை.

குமார் மாமா: அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் அத்தான். ஒவ்வொரு கோயில் வாசலிலும் கேட்பார்கள். அப்புறம், கிழிந்த டாலர் நோட்டு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். திருப்பிக் கொடுத்தால் அங்கே ஒருவரும் தொடமாட்டார். சில்லறை அந்த ஊர்ப் பணமான ரியெலில் வரும், டாலருக்கு ஏறக்குறைய 4000. ஆயிரக்கணக்கில் கையில் இருக்கிறதே என்று தாராளம் காட்ட வேண்டாம்.

அம்மா: அக்கா, இன்றைக்கு என்ன பார்க்கிறீர்கள்?

பெரியம்மா: காலையில் அங்கோர் தாம் என்கிற பழைய நகரம், அதற்குள் பாயோன் கோயில். மத்தியானம் சாப்பாடு. அப்புறம் அங்கோர் வாட்.

அம்மா: பெரிய கோயிலைப் போய் கடைசியில் வைத்திருக்கிறார்களே.

குமார் மாமா: அது சரியான வரிசைதான். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். மத்தியானத்துக்கு மேல்தான் முகப்பில் வெயில் விழும்.

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: அங்கோர் தாம் தெற்கு வாசல். பாலத்துக்கு ஒரு பக்கம் 54 தேவர்கள், மறுபக்கம் 54 அசுரர்கள். இரண்டு பக்கமும் பாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்: பாற்கடல் கடைவதா!

பெரியம்மா: அதேதான். ஆனால் இறங்கிப் பார்க்கப் பத்து நிமிடம்தான் கொடுத்தான். அதில் பாதி, குழுப் படம் எடுப்பதிலேயே போய்விட்டது.

ராஜி அக்கா: பாயோன் எப்படி?

பெரியப்பா: எங்கே திரும்பினாலும் ஒரு முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஏழாம் ஜெயவர்மன் கட்டியது. அவன் பௌத்தன். உன் அம்மாவுக்கு அங்கே கால் வலித்தது, பாற்கடலில் வலிக்கவில்லை.

பெரியம்மா: சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம். காய்கறிதான் என்று கொண்டுவந்து வைத்தார்கள், வாசனை வேறு மாதிரி இருக்கிறது.

குமார் மாமா: மீன் சாறு ஊற்றியிருப்பார்கள் அக்கா. அது அவர்களுக்கு உப்பு மாதிரி. "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று கைடிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவர் வேலை.

பெரியம்மா: சொன்னேன். குறித்துக்கொண்டான். இப்போதைக்கு வெறும் சோறும் மாம்பழமும்.

அம்மா: அத்தான்?

பெரியப்பா: வாழையிலையில் தேங்காய்ப்பால் ஊற்றி அவித்த மீன். அமோக் என்கிறார்கள். இதற்காகவே இன்னொரு தடவை வரலாம்.

பெரியம்மா: ஒரு கெட்ட செய்தி. அங்கோர் வாட்டில் மேல் அடுக்குக்கு இன்று போக முடியாதாம்! நிகழ்ச்சி நிரலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ராஜி அக்கா: ஏன்?

குமார் மாமா: இன்று பௌர்ணமி இல்லையா? பௌத்தப் புனித நாளில் மேல் அடுக்கை மூடிவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி.

ராஜி அக்கா: நாள்காட்டியைப் பார்த்துத் திட்டம் போடத் தெரியாதா அந்தப் பயண நிறுவனத்துக்கு? நான் இப்போதே போன் போட்டுக் கேட்கிறேன்.

குமார் மாமா: அவசரப்படாதே ராஜி. சீட்டுதான் மூன்று நாளுக்கு இருக்கிறதே. அக்கா, நீங்கள் கைடிடமே கேளுங்கள், நாளை மறுநாள் காலையில் மேலே கூட்டிப்போக முடியுமா என்று. முதல் நாளில் கேட்டால் எதையாவது நகர்த்திப் பார்ப்பார். கடைசி நாளில் கேட்டால் மன்னிப்புதான் கிடைக்கும்.

அம்மா: நாலு பேர் முன்னால் எப்படிக் கேட்பது என்று அக்கா பேசாமல் இருந்துவிடுவாள்.

பெரியம்மா: கேட்கிறேன், கேட்கிறேன்.

குமார் மாமா: மேலே ஏறும் நாளில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தான், அரைக்கால் சட்டை கூடாது.

பெரியப்பா: வாங்கியதே இந்தப் பயணத்துக்குத்தான்.

பெரியம்மா: உள்ளே வந்துவிட்டோம். அகழியே கடல் மாதிரி இருக்கிறது. மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணு, இன்றும் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுகிறார்கள். நானும் கும்பிட்டேன். இப்போது கைடு 45 நிமிடம் விட்டிருக்கிறான். எல்லோரும் குளத்துப் பக்கம் படம் எடுக்கப் போகிறார்கள். எனக்குப் பாற்கடல் பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறது குமார்?

குமார் மாமா: உள் சுற்றில் நுழைந்ததும் வலது கைப்பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரம். மூலை திரும்பினால் இரண்டாம் சூர்யவர்மனின் ஊர்வலம், இந்தக் கோயிலைக் கட்டிய அரசன். அடுத்து சொர்க்கமும் நரகமும். இன்னொரு மூலை திரும்பினால் கிழக்குச் சுவரில் பாற்கடல். வழியில் எங்கும் நின்றுவிடாதீர்கள், நேரம் போய்விடும்.

அம்மா: நரகத்தில் நிற்காதே அக்கா.

நான்: 😂😂

பெரியம்மா: கைடிடம் இரண்டையும் கேட்டுவிட்டேன். மேல் அடுக்கை நாளை மறுநாள் காலைக்கு மாற்றுகிறானாம், அன்றைக்கு இருந்த பட்டுக்கடையை எடுத்துவிடுவானாம். பாற்கடலுக்குத் தானே வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறான்! எங்களோடு இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

ராஜி அக்கா: பட்டுக்கடை போனதில் அப்பாவுக்கு நிம்மதி.

பெரியப்பா: 🙏

பெரியம்மா: [படம்] [படம்] [படம்] [படம்]

பெரியம்மா: 49 மீட்டர் நீளம், ஒரே சுவர்! நடுவில் விஷ்ணு, கீழே ஆமை, தண்ணீரில் மீனும் முதலையும் துண்டு துண்டாகத் தெறிக்கின்றன, மேலே அப்சரஸ்கள். அசுரர்கள் 92, தேவர்கள் 88 என்றான். வாசலில் சரிசமமாக நின்றார்களே, இங்கே ஏன் கணக்கு இடிக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டான். தேவர்கள் பக்கக் கடைசியில் பாம்பின் வாலைப் பிடித்திருப்பது அனுமனாம்.

அம்மா: அனுமன் எப்படி அங்கே? அவர் ராமாயணத்து ஆள் ஆயிற்றே.

பெரியப்பா: ஆள் குறைகிறது என்று கூப்பிட்டிருப்பார்கள்.

குமார் மாமா: 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை ஆட்கள் அங்கோர் வாட்டில் சீரமைப்பு வேலை பார்த்தார்கள் அக்கா. கைடு சொன்னாரா?

பெரியம்மா: சொன்னான். உடனே எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், என்னமோ நாங்கள்தான் சாரம் கட்டியது போல.

ராஜி அக்கா: நேரத்துக்கு வண்டிக்குப் போய்விட்டீர்களா?

பெரியம்மா: நாங்கள் போய்விட்டோம். படம் எடுக்கப் போன இரண்டு பேரை இன்னும் காணோம். வெயிலில் நிற்கிறோம்.

பெரியப்பா: நாளைக்கு சூரியோதயம் பார்க்க 4.30க்கு வண்டியாம். நான் வரவில்லை, சூரியனை எனக்குத் தெரியும்.

பெரியம்மா: வருவார். அந்த அரைக்கால் சட்டையை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைக்கிறேன்.