முகவரியை மாவட்டத்தோடு சேர்க்கப்போய்ப் பட்ட பாடு – உங்களுக்கும் உண்டா?

மாதக்கடைசி:
பம்புசெட் விற்கும் நிறுவனம். மாவட்டவாரி விற்பனை அறிக்கை என் பொறுப்பு. பில்லில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்து எக்செல் பட்டியலிலிருந்து மாவட்டத்தை இழுத்துக்கொள்வேன். 2019-இல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூரைத் தனி மாவட்டமாக்கினார்கள் அல்லவா? பட்டியலில் திருப்பத்தூருக்கு எதிரே சிவகங்கை என்று இருந்தது. யாரோ செய்த பிழை என்று நினைத்து, 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று மாற்றிவிட்டேன். சிவகங்கையிலும் ஒரு திருப்பத்தூர் இருப்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஆய்வுக் கூட்டம். சிவகங்கை விற்பனை சரிந்து கிடந்தது. அந்தப் பகுதிப் பிரதிநிதி எழுந்தார். "நேற்றுக்கூடத் திருப்பத்தூர்க் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் ஆர்டர் வாங்கினேன் சார். அது எப்படி ஜோலார்பேட்டைப் பக்கம் போயிற்று?" கேட்டது மேலாளரிடம், பார்த்தது என்னை. மூன்று மாத ஊக்கத்தொகை அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தது.

விழுப்புரத்தான்:
ஊர்ப் பெயரை நம்பினால் இப்படித்தான். பின்கோடு எதற்கு இருக்கிறது? 630211 என்றால் சிவகங்கைத் திருப்பத்தூர், 635601 என்றால் மற்றது. தீர்ந்தது. ஆனால் ஆறு இலக்கமும் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் முதல் மூன்று போதும் என்று 605-ஐ முழுக்கப் புதுச்சேரியில் போட்டார்கள். விழுப்புரம் 605602. திரையில் வரைபடத்தைப் போட்டால் எங்கள் ஊர் வெள்ளையாக இருந்தது. முதலாளி எழுந்துபோய், அழுக்கோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

பழையகணக்கன்:
'தீர்ந்தது' என்று சொல்லாதீர்கள். 1972-இல் பின்கோடு வந்தது தபால்காரருக்காக, உங்கள் விற்பனை அறிக்கைக்காக அல்ல. 635-இலேயே ஓசூரும் இருக்கிறது, வாணியம்பாடியும் இருக்கிறது. எல்லையோரக் கிராமம் என்றால் ஆறு இலக்கமும் கைவிடும்; தபால் நிலையம் ஒரு மாவட்டம், வீடு அடுத்த மாவட்டம்.

என் கதை சின்னது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும், அங்குள்ள வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இன்றும் 'விழுப்புரம் மாவட்டம்' என்றே எழுதுகிறார்கள். நானும் சில மாதம் அப்படியே ஏற்றினேன்.

ஆகவே கேளுங்கள். மத்திய அரசின் லோக்கல் கவர்மென்ட் டைரக்டரியில் மாவட்டம், வட்டம், கிராமம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த முகவரியைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் அந்த எண்ணுக்கென்று தனி நெடுவரிசை போடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த மாவட்டம் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். இல்லையென்றால் பிரிவினைக்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது விழுப்புரம் பாதியாகிவிட்டதாக அலறுவீர்கள். பொருந்தாததைப் 'பொருந்தவில்லை' என்றே காட்டுங்கள். அந்த வரி அசிங்கமாகத் தெரிகிறது என்று சென்னையில் கொட்டுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது.

கவுன்ட்டர்:
சென்னை என்றதும் நினைவு வருகிறது. எங்கள் கடைகளில் பின்கோடு இல்லாமல் பில் போட முடியாது. வாடிக்கையாளர் சொல்லாவிட்டால் பில் போடும் பெண்கள் 600001 என்று அடித்துவிடுவார்கள். அறிக்கையில் பாரிமுனைதான் முதலிடம். அங்கே கிளை திறக்க இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு பில்லை எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். அவர் இருந்தது தாம்பரத்தில்.

விழுப்புரத்தான்:
பழையகணக்கன் ஐயா, எல்லையோரக் கிராமம் எத்தனை பில் வரும்? அதற்காக இவ்வளவா?

பழையகணக்கன்:
ஒரு பில்லானாலும் ஊக்கத்தொகை ஒருவருடையது.

கவுன்ட்டர்:
அது சரி, அந்தச் சிவகங்கைக்காரருக்குப் பணம் கிடைத்ததா?

மாதக்கடைசி:
அடுத்த சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். திருப்பத்தூர் பில்களை மட்டும் இப்போது அவரே எனக்குத் தனியாக அனுப்புகிறார், ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் 'சிவகங்கை' என்று எழுதி.