தியோமான் தீவுக்கு மூட்டுவலி உள்ள அம்மாவை எப்படி அழைத்துப் போவது?

ஈசூன் மீனா:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போக ஆசைப்படுகிறோம். நாங்கள் இருவர், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருவர், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் பேரப்பிள்ளைகள் கடலில் மீன் பார்க்கும்போது கரையில் இருந்தே தீருவேன் என்கிறார். அவருக்காகவே இந்தப் பயணம். தீவுக்குப் படகு கிளம்பும் மலேசியக் கரையூர் மெர்சிங். நாங்கள் விரும்பும் சனிக்கிழமையன்று அங்கிருந்து காலை 7 மணிப் படகு மட்டுமே இருக்கிறது. அடுத்த வாரம் பார்த்தால் நண்பகலுக்குப் போட்டிருக்கிறார்கள். ஏன் இப்படி? சிங்கப்பூரிலிருந்து நேரே விமானமோ கப்பலோ கிடையாதா? கார் இருக்கிறது. அறை இன்னும் பதிவு செய்யவில்லை. ஜுவாரா கடற்கரை மிகவும் பிடித்திருக்கிறது.

கடலாடி:
படகு நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது, மீனா. மெர்சிங் படகுத்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரம் ஆழம் குறைந்துவிடும், படகு தாண்ட முடியாது. நீரேற்றம் நிலவைப் பின்பற்றி நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் காலைப் படகு நண்பகல் படகானது அதனால்தான். ஆகவே முதலில் படகு, பிறகு அறை, கடைசியில் சாலை என்று திட்டமிடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுப் படகுத்துறையில் அல்லாடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

விமானத்தை நம்ப வேண்டாம். தீவின் தெக்கெக் கிராமத்தில் சிறிய ஓடுபாதை உண்டு. சிங்கப்பூரிலிருந்து முன்பு பறந்த சேவை 2014இல் நின்றுபோனது. சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து நேரே தியோமானுக்குப் போன படகும் இப்போது இல்லை. தானா மேராவிலிருந்து ஜொகூர் கரையிலுள்ள தெசாருவுக்குப் படகு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தெசாருவில் இறங்கினாலும் மெர்சிங் தொலைவுதான்.

பழைய ஓட்டுநர்:
தங்கச்சி, 7 மணிப் படகு என்றால் வெள்ளிக்கிழமையே மெர்சிங் போய்த் தங்கிவிடுங்கள். நள்ளிரவில் கிளம்பி ஒரே ஓட்டமாகப் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலை காட்டை ஒட்டியது. யானைகள் குறுக்கே வரும்; எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். இருட்டில் யானை கண்ணுக்குத் தெரிவதற்குள் அருகில் போயிருப்போம். வெள்ளி மாலை உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் வரிசை நிற்கும். முடிந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே எல்லையைத் தாண்டுங்கள்.

எரிபொருள் முக்கால் தொட்டிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் நம் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். மலேசிய வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து மெர்சிங்குக்குப் பேருந்து உண்டு. ஆனால் அம்மா இரண்டு சாவடிகளிலும் இறங்கி, ஏறி, நடக்க வேண்டியிருக்கும். காரே நல்லது.

கடலாடி:
ஜுவாராவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அது தீவின் கிழக்குப் பக்கம். மெர்சிங் படகுகள் நிற்கும் கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் எல்லாம் மேற்கில். தெக்கெக்கில் இறங்கி, செங்குத்தான மலைச்சாலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது கொடுமை. தெக்கெக்கிலேயே தங்குங்கள். மருந்தகம், பணம் எடுக்கும் இயந்திரம் எல்லாம் அங்கேதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கடல்பயணம் என்பதால் வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு.

ஈசூன் மீனா:
மிக்க நன்றி. ஜுவாராவை விடுவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் தெக்கெக் என்று முடிவு செய்துவிட்டோம். இதையே டிசம்பரில் வைத்துக்கொண்டால் கூட்டம் குறையுமா? அம்மாவின் இந்தியக் கடப்பிதழுக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

கடலாடி:
டிசம்பர் வேண்டவே வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று நேராக அந்தக் கரையில்தான் மோதும். படகுகள் குறையும், பல விடுதிகள் மூடிவிடும்.

அம்மாவுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்புங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. அதைவிட முக்கியம், அவருடைய சிங்கப்பூர் விசா. ஒருமுறை நுழைவுக்கு மட்டும் கொடுத்திருந்தால் தியோமானிலிருந்து இங்கே திரும்பி நுழைய முடியாது. பலமுறை நுழைவுக்கானதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையும் அவருக்கு வேண்டும்.

பழைய ஓட்டுநர்:
அம்மாவின் திருச்சி விமானம் எப்போது? தீவிலிருந்து திரும்பும் படகும் அதே நீரேற்றக் கணக்கில்தான் வரும், ஞாயிறு மாலை எல்லையில் வரிசையும் நீளும். திரும்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாளாவது விட்டுவையுங்கள்.